நூற்று எழுபத்தெட்டு

பெர்னே பள்ளத்தாக்கு, காலை ஆறரை.
பொறியில் சிக்கியதைப் பருத்திப் பையில் போட்டு
ழான்-நோயெல் இறங்கி வருகிறான்.
பை மூச்சு விடுகிறது.

ஊரில் இதற்குக் கோழித்தின்னி என்று பெயர்.
ஒரு கோழி சிலிர்த்து உட்கார்ந்தால்
அதன் அடியில் காணாமல் போகும் உடம்பு.

இந்தத் தீவின் வல்லூறில்
ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டை.
அதே பழுப்பு, நெஞ்சில் அதே கரும்புள்ளி.
பெண் பெரிது, அவ்வளவுதான்.
எவ்வளவு பெரிது என்பதற்குத்தான்
இந்த எஃகு அளவுகோல், இந்த வெர்னியர், இந்தத் தராசு,
மாதச் சம்பளத்துக்கு நான்.

சடையன் சிறகை மடக்கிக் கோலின்மேல் படிய வைத்தான்.
"நூற்று எழுபத்தாறு. ஆண். எழுது சலாட்சி."
எழுதவில்லை. வாங்கி அளந்தேன்.
நூற்று எண்பது.
இறகை நசுக்கிவிட்டாய் என்றான்.
நீ சுருக்கிவிட்டாய் என்றேன்.
இரண்டையும் கூட்டி வகுத்தால்
நூற்று எழுபத்தெட்டு:
பெரிய ஆணும் சிறிய பெண்ணும்
இடித்துக்கொண்டு நிற்கும் வாசற்படி.

எடை?
தொண்டைப்பை புடைத்திருந்தது,
நகத்தில் பச்சைப்பல்லியின் வால்நுனி.
பல்லியையும் சேர்த்துத்தான் தராசு பேசும்.
கால் எலும்பில் வெர்னியர் நடுவாக நின்றது,
பஞ்சாயத்தில் இரு வீட்டுக்கும் உறவான ஆளைப் போல.

அதற்குள் என் கட்டைவிரல் அதன் அலகில்.
"இந்தக் கடிக்குப் பெண்தான்," கட்சி மாறினான் சடையன்.
"ஏன், நீங்கள் கடிக்க மாட்டீர்களா?"
ழான்-நோயெல் சிரித்ததில் பை கீழே விழுந்தது.

பதிவேட்டில் பால் என்ற கட்டம்
சுண்டுவிரல் நகத்தளவு.
அதில் ஒரு கேள்விக்குறி.
காலில் வளையம், நீலத்தின் மேல் வெள்ளை.
கையைத் திறந்தேன்.
உள்ளங்கையில் சூடு இருந்தது, எடை இல்லை.

மகேபூர் அலுவலகக் கணினி கேள்விக்குறியை ஏற்காது.
ஒன்று, அல்லது இரண்டு. இல்லையென்றால் சிவப்பில் முறைக்கும்.
மூன்று மாதம் அந்த ஒரு வரியைச் சேமிக்காமலே வைத்திருந்தேன்.

அக்டோபரில், இருபத்தேழாம் கூட்டுப்பெட்டியின் கீழே
கழுத்து வலிக்க உட்கார்ந்திருந்தபோது
முகட்டிலிருந்து ஒரு கூப்பாடு.
பெட்டிக்குள்ளிருந்து ஒன்று பாய்ந்தது,
நடுவானில் மல்லாந்தது,
மற்றதன் காலிலிருந்த பல்லியைப் பறித்தது.
முட்டைக்காலத்தில்
கொடுப்பது ஆண், வாங்குவது பெண்.
எதன் காலில் வளையம்?
தொலைநோக்கியில் வெயில் மட்டும்.
மறுநாளும் போனேன்.
மல்லாந்த காலில்,
நீலத்தின் மேல் வெள்ளை.

மாலை, பதிவேட்டை ரப்பரால் தேய்த்தேன்.
போகவில்லை. அன்று பேனாவில் எழுதியிருக்கிறேன்.
பக்கத்தில் 'பெ' என்று போட்டேன்,
கழுத்தை வளைத்து நிற்கும் கேள்விக்குறியை
அப்படியே விட்டுவிட்டு.

நூற்று எண்பது.
சடையனிடம் இன்னும் சொல்லவில்லை.