கைப்பட்டை

ரூவியில் பிற்பகல் இரண்டு மணி.
வெளியே தார் இளகிக்கொண்டிருக்க
ஒரு டம்ளர் ஐஸை நறநறவென்று மென்றபடி
வந்து உட்கார்ந்தாள்.

"வெயில் தாங்காம நாள் பூரா ஐஸ்தான் சிஸ்டர்"
என்றான் மாயழகு.
ஏசி மெக்கானிக், குளிர் அவன் பிழைப்பு.
ஃப்ரீசர் சுவரில் படிந்ததையும்
கரண்டியால் சுரண்டித் தின்கிறாளாம்.
சிரித்தான்.
அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன்.
உரித்த இறால் நிறம்.
வெயில் இல்லை தம்பி இது,
ரத்தம்.

பாஸ்போர்ட்டில் பெயர் செண்பகலட்சுமி.
பாஸ்போர்ட்டில் வயது இருபத்தொன்று.
விசிட் விசா. காப்பீடு கிடையாது.
மாதம் ஏழு என்றான்.
அவள் விரல்விட்டு எண்ணி
ஆறரை என்றாள்.
இதற்கு முன் எங்கே காட்டினீர்கள்?
ஸ்கேனுக்குப் பதினைந்து ரியால் என்று சொன்ன
ஒரு கவுன்டர் கண்ணாடியிடம்.

அவனை வெளியே உட்காரச் சொன்னேன்.

பிரஷர் பட்டையை அவள் மேற்கையில் சுற்றினேன்.
ஒரு சுற்று.
இன்னும் அரைச் சுற்று.
இன்னும் மிச்சம் இருந்தது.
நூற்று இருபத்தாறுக்கு எண்பத்திரண்டு.
நல்ல எண்தான். எழுதிவிட்டு
அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம்,
பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

கழற்றிய செருப்பின் வார்
புறங்காலில் அப்படியே பதிந்திருந்தது.
தலைவலி?
"இருக்கு. கண்ணுக்கு முன்னால
மின்மினி மாதிரி என்னமோ."

இருபது வருடமாய்ப் பட்டை சுற்றுகிறேன்.
கைக்குப் பெரிய பட்டை
குறைத்துத்தான் சொல்லும்.

குழந்தைகள் பிரிவுக்கு ஓடி
ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட
சின்னப் பட்டையை எடுத்துவந்தேன்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.
நூற்று நாற்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றிரண்டு.
கால் மணி நேரம் கழித்து மறுபடியும்
அதே.

"இதுக்கு ஏன் நாக்கு நீலம்?"
அவளாகக் கேட்ட முதல் கேள்வி.
"படிச்சேன் சிஸ்டர், மறந்துட்டேன்.
பத்தாவதுல. போன வருஷத்துக்கு முந்தின..."
சட்டென்று நிறுத்தினாள்.
வாயிலிருந்த ஐஸ் கரைகிறவரை
இருவரும் பேசவில்லை.

உண்மையை எழுதினால்
எந்தக் கதவு தட்டப்படும்,
யார் யாரை விமானம் ஏற்றுவார்கள்
எனக்குத் தெரியாது.
எழுதாவிட்டால் என்ன என்று தெரியும்.
ஒரு மார்ச் மாதம் பார்த்திருக்கிறேன்:
அந்த வலிப்பில்
கட்டிலின் பூட்டிய சக்கரம்
ஒரு சாண் நகர்ந்தது.

வயது என்ற கட்டத்தில்
பாஸ்போர்ட் சொன்னதை எழுதினேன்.
டேப்பை எடுத்து அளந்து
அதன் பக்கத்திலேயே, சிவப்பு மையில்:
மேற்கைச் சுற்றளவு
பத்தொன்பது சென்டிமீட்டர்.
இரண்டு அடிக்கோடு.

டாக்டர் இஹ்சான் அட்டையைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்.
வயதைக் கேட்கவில்லை.
பெரியாஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார்.
நாளைக்கு இல்லை, இப்போதே.

கவுன்டரில் மாயழகு
யாரிடமோ கைமாற்றுக் கேட்டுக்கொண்டிருந்தான்,
போனை மறைத்த உள்ளங்கையில் கேஸ் வாடை.
"பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையே?"
இருக்கு, என்றேன்.
அதனால்தான் வண்டி வருது.

ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது கேட்டாள்:
"அந்தப் பட்டை அங்கேயும் வெச்சிருப்பாங்களா?"

இருக்கலாம்.
தேடுவார்களா தெரியவில்லை.
சுருட்டி அவள் பைக்குள் போட்டேன்.

குழந்தைகள் பிரிவின் கணக்கில்
இன்றுவரை ஒன்று குறைகிறது.