வடக்கு வெயில்

ஜன்னல் விற்பவள் நான்.
பேகாவிலிருந்து நாற்பது நிமிடம் வண்டி ஓட்டிப் போய்
கேரவன் வாசலில் மடக்கு மேஜையின் மேல்
மூன்று சட்டத் துண்டுகளை வைத்தேன்.
கைக்கடக்கமான மூலைகள்,
உள்ளே எப்படி என்று காட்டுவதற்காக அறுத்தவை.

அலுமினியம். நடுவில் கறுப்பு நைலான் எலும்பு,
வெளிக் குளிர் தாண்டி உள்ளே வராமலிருக்க.
யூபிவிசி. வெள்ளை. வெட்டுவாயில்
அறை அறையாகக் காற்று.
மூன்றாவது அயர்ன்பார்க் மரம்.
நெருப்புச் சட்டம் அனுமதிக்கும் ஏழெட்டு மரங்களில் ஒன்று.
தூக்கிப் பாருங்கள் என்றேன். தூக்கவில்லை.

காற்று. வீட்டு வரைபடம் எழுந்து பறக்கப் பார்த்தது.
ரோன்வென் கேரவனுக்குள் போய்
எதையோ கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள்.
உள்ளங்கை அகலம், வெள்ளி நிறம்,
ஆறிப்போன கஞ்சிபோல ஓரமெல்லாம் வழிசல்.
ஆற்றுக்கல் என்று நினைத்துக்கொண்டு
விலை சொல்லத் தொடங்கினேன்.

ஈவோ கேட்டதெல்லாம் நிழலைப் பற்றி.
இடம் காலியாகக் கிடந்த ஒன்றரை வருடமும்
அதன் நடுவில் ஒரு மீட்டர் குச்சி நட்டு
கோடு கிழித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.
டிசம்பர் உச்சியில் ஒரு சாண்.
ஜூன் உச்சியில்,
ஈவோ மல்லாந்து படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு.
படுத்தும் பார்த்தேன், சரியாக இருந்தது என்றான்.
வடக்கு வெயிலுக்கு இறவாரம் போதும்,
எழுபது சென்டிமீட்டர்,
கோடைக்குக் கதவடைக்கும், குளிர்காலத்துக்குத் திறந்துவிடும்.
இதுவரை எல்லாம் கணக்கு.

மேற்குதான் தகராறு.
சாயங்காலச் சூரியன் எந்த இறவாரத்துக்கும்
குனிந்து உள்ளே வந்துவிடும்.
இலை உதிர்க்கும் மரம் ஒன்று நடுங்களேன்,
வாய்ப்பாடு மாதிரி எல்லாரிடமும் சொல்வது,
வாயிலிருந்து வந்துவிட்டது.

இருபது மீட்டருக்குள் ஒரு புதர்கூடக் கூடாது
என்றாள் ரோன்வென்.
இங்கே நிழலை நட முடியாது, வாங்கத்தான் முடியும்.
பிறகு, மேற்கிலிருந்துதானே வந்தது என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை.
இந்தப் பள்ளத்தாக்கில்
எழுவாய் தேவைப்படாத வாக்கியம் அது.

மேற்கில் சுவர் போதும், ஜன்னலே வேண்டாம்
என்றான் ஈவோ, குச்சியின் திசையைப் பார்த்து.
அவள் வரைபடத்தின் மேலிருந்ததை எடுத்து
என் மூன்று துண்டுகளுக்குப் பக்கத்தில்
வரிசை பிசகாமல் வைத்தாள்.
இதுவும் உங்கள் கம்பெனியில் வாங்கியதுதான்,
சமையலறை ஜன்னல், இரண்டு கதவு, நகர்த்துவது.
கண்ணாடி என்ன ஆனதோ தெரியாது.
சட்டம் மட்டும் மூன்று படி இறங்கிப் போய்
கீழே குளமாக நின்றிருந்தது.

அறுநூற்று அறுபது டிகிரி.
பயிற்சியில் மனப்பாடம் செய்த எண்.
வண்ண அட்டையில் மூன்றாவது நிறத்துக்குச்
சாம்பல் என்று பெயர் போட்டிருந்தார்கள்.
கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

மரம் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று
நானே சொன்னேன், கமிஷன் அதில் குறைவு.
வேண்டாம். அலுமினியம். மேற்கிலும் ஒன்று, பெரியதாக.

சுவரை வைத்துக்கொண்டு
அது வருவதை எப்படிப் பார்ப்பேன் ஈவோ?

பக்கத்துப் பண்ணையில் ஒரு மாடு கத்தி ஓய்ந்தது.
எரிந்த யூகலிப்டஸ்களில் கறுப்பு அடிமரத்தோடு
பச்சை முடி முளைத்திருந்தது,
கிளையில் அல்ல, உடம்பெல்லாம்.

கொஞ்ச நேரம் கழித்து ஈவோ கேட்டான்,
வெளியே இரும்பு ஷட்டர் போட்டால்
உள்ளிருந்து இறக்க முடியுமா,
கரண்ட் இல்லாதபோது?
முடியும். சுவரில் கைப்பிடி இருக்கும்.
எத்தனை சுற்று?
நாற்பது இருக்கும் என்றேன்.

வலது கையை மடக்கி
இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடித்துச் சுற்றினான்.
உதடு எண்ணிக்கொண்டிருந்தது.
ரோன்வென் கடிகாரத்தைப் பார்த்தாள்.
நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
இருபத்தாறில் அவன் கை மாற்றுவதைப் பார்த்தேன்.