நிழலுக்கு நிழல்

கர்ராராவில் ஜூலை, பகல் பன்னிரண்டு.
மலையின் வயிற்றை அறுத்துத் திறந்து வைத்திருக்கிறார்கள்.
உள்ளே அத்தனையும் பளிங்கு.
வெயில் அதில் விழுந்து எழுந்து
என் மோவாய்க்கு அடியிலிருந்தும் அடிக்கிறது.

"வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும்" என்றார் வன்னூச்சி,
கம்பெனிப் பட்டியலுக்குப் பணம் தருகிறவர்.
"ஆனால் சாம்பல் ரேகை ஒன்றுகூடத் தப்பக் கூடாது.
வாங்க வருகிறவன் ரேகைதான் பார்க்கிறான்,
ஜோசியக்காரன் மாதிரி."

மீட்டரைப் பாறையிடம் காட்டினேன், முள் முட்டி நின்றது.
சுரங்க வாயின் இருட்டிடம் காட்டினேன், அசையவே இல்லை.
நடுவே எட்டு ஸ்டாப்.
ஒவ்வொன்றும் இரட்டிப்பு.
எட்டு முறை இரட்டித்துப் பாருங்கள்,
ஒரு முழ ஃபிலிம் எவ்வளவுதான் தாங்கும்.

இருட்டைப் பார்த்துத் திற, வெள்ளையைப் பார்த்துக் கழுவு:
எங்கள் தொழிலில் வேதம் இவ்வளவுதான்.
நானூறு ஃபிலிமை நூறென்று சொல்லி ஏமாற்றினேன்.
இரவு, டெவலப்பரில் பதினொரு நிமிடத்தை எட்டாக்கினேன்.
நிமிடத்துக்கு ஒரு தடவைதான் டாங்கியைக் கவிழ்த்தேன்,
தூங்கும் பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல.

நெகட்டிவில் மலை கரியாகியிருந்தது,
இருட்டு கண்ணாடியாகியிருந்தது.
அந்தக் கண்ணாடிக்குள் மூச்சு பட்டாற்போல்
லேசாக ஒரு கறை.

வட்டமாய் வெட்டிய அட்டையைக் கம்பியில் குத்தி
கறைக்கு மேலே ஆட்டியபடி விநாடி எண்ணினேன்.
இருட்டறையில் எல்லாம் தலைகீழ்.
நிழலுக்கு நிழல் கொடுத்தால்
அது வெளுக்கும்.

தட்டில் தாள் மிதந்தது.
முதலில் சுரங்க வாயின் விளிம்பு,
அதற்குள் ஒரு ஆள்,
கடைசியாகத்தான் ரேகைகள்.

லீபெரோ. கம்பி அறுப்புப் பிரிவு.
ரொட்டிமேல் பன்றிக்கொழுப்பு வைத்து
இடது கையால் தின்கிறான்.
வலது கை மடியில்,
சட்டைக் கிழிசல் சுற்றிய கட்டு,
விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில்
கொஞ்சம் குட்டையாக.

காலையில் கையசைத்தான்.
ஏன் இடது கை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திங்களன்று கூலி.
ஆளை எண்ணுகிறவர்கள் விரலையும் எண்ணுவார்கள்.

நல்ல பிரதி.
இத்தனை வருஷத்தில் இவ்வளவு மெதுவான கறுப்பு
எனக்கு வாய்த்ததே இல்லை,
கொழுப்பின் ஓரத்தில் பல் பட்ட தடம்கூடத் தெரிந்தது.
ஹைப்போவில் போடுமுன்
அறை விளக்கைப் போட்டேன்.
மலையும் அவனும் ஒரே கறுப்பானார்கள்.

இரண்டாவது தாள்.
கம்பியை ஆணியில் மாட்டிவிட்டு
இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
கை சும்மா இருக்கும்போது
இருபத்திரண்டு விநாடி நெடுநேரம்.

வன்னூச்சி பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.
"ரேகை பிரமாதம். இந்தப் பக்கம்தான்
ஒன்றும் தெரியாமல் அடைத்துப் போயிருக்கிறது."

"மத்தியான வெயில், சிஞ்ஞோர்" என்றேன்.
"ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்."