இருபது எடுத்தால்

சென்னையில் ஒற்றை போர்டு ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.
ஷென்ஜென்காரன் எழுநூற்று நாற்பதுக்குத் தருகிறான்,
இருபதுக்குக் குறைந்தால் அனுப்பமாட்டானாம்.

பாம்பன், செல்சியா மொபைல்ஸ்,
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்.
ஒன்று முதல் இருபது வரை எண் போட்டுவிட்டேன்.
எண் போடக் காசா பணமா.

முதல் பெயர் என்னுடையதே.
போன ஆடிக் காற்றில்
முகுந்தராயர் சத்திரம் தாண்டிய நேர்ரோட்டில்
காலுக்கடியில் புகைந்தது என் பலகை.
பதின்மூன்று செல்லில் ஒன்று கிறங்கிப்போயிருக்கிறது.
மற்ற பன்னிரண்டும் அதையும் இழுத்துக்கொண்டு
ஓடியிருக்கின்றன,
நில் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை.
இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடல்,
நான் மணலை அள்ளி அள்ளிப் போட்டேன்.

அந்த ஆள்தான் இந்த போர்டு.
வெற்றிலை அகலம், பச்சை நிறம், பதினான்கு வயர்.
நிறைந்த செல்லைப் பிடித்துக் கொஞ்சம் சுடவைக்கும்,
குறைந்தது ஏறி வரட்டும் என்று.
ஒன்று ரொம்ப இறங்கினால் மொத்தத்தையும் நிறுத்தும்.
"அவ்வளவு கண்டிப்பா?" என்றான்
கீழக்கரை முஸம்மில்.
தனக்கு ஒன்று, மச்சான் ஹுசைன் நைனாவுக்கு ஒன்று.

மண்டபம் கேம்பிலிருந்து பிரதீபன்.
பெயிண்ட் ஒட்டிய நகத்தால் விலையைத் தொட்டுப் பார்த்தான்.
"நாலு தவணையாத் தரட்டே அக்கா?"
நூற்று எண்பத்தைந்து என்று
வகுத்துச் சொன்னதும் அவன்தான்.

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை
வலை இழுத்துப் பார்த்தாயிற்று.
மின்பலகைக்காரர்கள் மொத்தமே பதின்மூன்று.
ஏழு எண்கள் வெறும் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

கணவாய்க்கு விளக்குக் கட்டும் கபிரியேல் மூன்று கேட்டான்.
ராமேஸ்வரத்தில் மின் ஆட்டோ ஓட்டும் ராக்கு இரண்டு:
"அக்னி தீர்த்தம் வரைக்கும் அது என்னைச் சுமக்குது,
திரும்பி வர்றப்ப நான் அதைச் சுமக்கறேன்."
மைக்செட் சேதுராசு ஒன்று,
பாதிப் பணம் கொடை முடிந்து.
இருபதாவது எண்ணில் ஆள் இல்லை.
யாரோ என்று எழுதி நானே கட்டினேன்.

சுங்கத்தில் ஆளுக்கு அறுபத்திரண்டு ரூபாய் கூடியது.
எழுநூற்று நாற்பதை எண்ணாமல் தந்த கைகள்
அறுபத்திரண்டுக்கு ரசீது கேட்டன.
நைனா விலகிக்கொண்டான்.
"ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும்."
சொல்லியிருக்கணும்தான்.
எனக்கே அன்று காலையில்தான் தெரியும்.

கூரியர் ராமநாதபுரத்தோடு நின்றுவிடும்.
போய்க் கையெழுத்துப் போட்டு
பெட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் வந்தேன்.
பாலத்தில் காற்று ஜன்னலை அறைந்தது.
லக்கேஜ் போடலாமா என்று தூக்கிப் பார்த்த நடத்துநர்
"ரெண்டு கிலோகூட இல்லையே" என்று விட்டுவிட்டார்.
மூன்று மாதத் தூக்கம் அதில் இருக்கிறது,
அதற்கு எடை இல்லை போல.

இரவு மீட்டர் வைத்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
பத்தொன்பதுக்கு உயிர். ஒன்றுக்கு மூச்சில்லை.
எது யாருடையது என்று எங்கும் எழுதவில்லை.
நைனா விட்டது, யாரோவுடையது,
இரண்டும் ஏற்கெனவே என் தலையில்,
செத்ததை அந்தக் கணக்கில் சேர்த்தேன்.
அதன் வயர்களை மட்டும் உருவிக்கொண்டு போனான் கபிரியேல்,
தூண்டில் கட்ட.

சனிக்கிழமை சாயங்காலம்,
சாவடி மூட ஒரு மணி நேரம்.
அரிச்சல்முனை ரோட்டில் பன்னிரண்டு பலகைகள்.
எதிர்க்காற்றில் பேச்சு நிற்காது,
ரோட்டில் ஏறிய மணல் சக்கரத்தில் நறநறத்தது.
இரண்டு தவணை பாக்கியோடு
எல்லாருக்கும் முன்னால் பிரதீபன்.
பின்னால் ஆட்டோ நிறைய யாத்ரீகர்களோடு ராக்கு,
வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே.

திங்கள் காலை நோட்டைத் திறந்தால்
அட்டையின் உட்புறம் பென்சில் எழுத்து:
சார்ஜர், முப்பது எடுத்தால் என்ன விலை?
சுங்கத்தோடு சேர்த்துச் சொல்லவும்.

பெயர் போடவில்லை.
நைனா எழுதும் 'ன' மட்டும்
எப்போதும் கோட்டுக்குக் கீழே ஒரு கால் இறக்கும்.