பதினாறு பிரதிகள்

நாற்பத்தோராம் நாள்தான் போய்ச் சேர்ந்தோம்.
சேலம் ஜங்ஷனில் டீ, அப்புறம் டவுன் பஸ்.
கோவை நாடகக்காரர்கள் இருவர்,
பவானியிலிருந்து பறையோடு செல்வநாயகி,
திருப்பூரில் பனியனுக்குப் படம் போடும் மயிலானந்தன்.
என் பையில்
பதினாறு பிரதி எடுத்த ஒரு கவிதை.

சூளை அணைந்திருந்தது.
கொடியில் காய்ந்த சேலைகள்
கடையில் வாங்கிய நிறத்திலேயே இருந்தன.
கவனித்தவன் மயிலானந்தன் மட்டும்.
நாங்கள் தட்டிகளைப் படித்துக்கொண்டிருந்தோம்.

"ஒறம்பரை வந்திருக்குதுங்க, உலை வைங்க"
என்றாள் பாவாயி. அரிசிம்பருப்பு.
பந்தலில் மற்றவர்களுக்கு
எத்தனை கரண்டி குறைந்தது என்று
அன்று நான் எண்ணவில்லை.
வட்டலைக் கழுவ எழுந்தவனைத் தடுத்தாள்:
"ஒறம்பரை கழுவக் கூடாதுங்."

ராத்திரி கவிதை வாசித்தேன்.
வெண்மை பூத்த கைகள் என்று அதில் ஒரு வரி.
தட்டினார்கள்,
கொசு அடித்த சத்தமும் கலந்திருக்கலாம்.
வெள்ளைக்கல் பொறுக்கும் அங்காயி கிட்ட வந்து
உள்ளங்கையை விளக்குக்கு நேராய் விரித்தாள்.
"பூவு இல்லீங் கண்ணு, வெடிப்பு.
வேப்பெண்ணெய் வெச்சாலும் கூடறதில்லை."
கொஞ்சம் பொறுத்து:
"கையெழுத்து நல்லா இருக்குமுங்களா?"

இருக்கும்.

பத்தொன்பது வருஷம், ஐந்து காண்ட்ராக்டர்.
பெயர்ப்பலகை மாறும் ஒவ்வொரு தடவையும்
இவர்கள் நேற்றுச் சேர்ந்தவர்கள் ஆகிவிடுவார்கள்.
மஸ்டர் ரோல் கரையான் அரித்துவிட்டதாம்.
பெயர், சேர்ந்த வருஷம், எந்தக் குழி,
பக்கத்தில் நின்று வேலை செய்தது யார்,
எழுதித் தாங்க என்றார் சங்கத்து அர்த்தனாரி.
காகிதம்?
கவிதையின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

ஏரி ஒடைஞ்ச வருஷம் சேர்ந்தேனுங்க.
பெரியவளுக்குக் காது குத்துன வருஷம்.
ரெண்டாம் குழியில தண்ணி பொத்துக்கிட்ட மாசம்.
வருஷத்தை எண்ணாக்கும் வேலை என்னுடையது.
இருநூற்றுப் பதினோரு பேர்.

ஆறு மணிச் சங்கைக் கம்பெனி இன்னும் ஊதுகிறது.
யாரும் போவதில்லை, குழந்தைகள்தான் விழிக்கின்றன.
மறுநாள் சங்கு அடங்கும் வரை
செல்வநாயகி பறையை விடவில்லை.
அதற்கப்புறம் தூங்கிப்போனாள், ஒன்பது மணி வரை.

மயிலானந்தன் மதிலில் ஒரு முஷ்டி வரையத் தொடங்கினான்.
"அதெல்லாம் வேண்டாமுங்.
சடையன் உழுந்த எடத்தைப் போடுங்க."
கேட்டுக்கு வெளியே செத்தான் என்கிறது கம்பெனி.
மூணாம் பெஞ்ச், கிழக்கோரம், கயிறு கட்டாத பக்கம்,
ஆளுக்கு ஆள் சொல்லச் சொல்ல
அழித்து அழித்து வரைந்தான்.
ஏணி இரண்டு படி தள்ளி நிற்கவேண்டும் என்று
ஒருவர் அடம்பிடித்தார். மாற்றினான்.
பாதி ஓவியம், பாதி சாட்சி.

ராத்திரி யாரோ வெள்ளையடித்துவிட்டார்கள்.
மதில் முழுக்கச் சுண்ணாம்பு,
உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் தவிர.
அங்கே சடையன் இருந்தான்.
மட்டையைப் பிடித்த கைக்கு முந்நூறு ரூபாய் கூலி என்றும்,
என் பட்டியலில் அந்தக் கைக்கு எண் எண்பத்தேழு என்றும்
டீக்கடை வரைக்கும் பேச்சு.
அவர் பந்தலின் ஓரமாய் உட்கார்ந்து
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.
எண்பத்தேழை அடிக்கச் சொல்லி
யாரும் என்னிடம் வரவில்லை.

ஆறாம் நாள், வட்டலை வைத்துவிட்டு எழுந்தேன்.
"ஏனுங், உங்க வட்டலை யாரு கழுவோணும்?"
என்றாள் பாவாயி, திரும்பிப் பார்க்காமலே.

தொழிலாளர் அலுவலகத்தில்
அதிகாரி ஒவ்வொரு தாளாய் எடுத்துப் பார்த்தார்.
ஐந்தாவதைப் புரட்டினார்.
வெண்மை பூத்த கைகள்.
கண்ணாடியைக் கழற்றி, என்ன இது என்றார்.

நான் வாயெடுக்குமுன்
அங்காயி சொன்னாள்:
"அது பின்பக்கமுங்க."