பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை

ககோஷிமாவில், எங்கள் பால்கனியில் காயும் துணிகளில்
வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சாம்பல் விழும்.
எரிமலை இருமினால் ஜன்னலைச் சாத்துவோம்,
அவ்வளவுதான்.
அப்படிப்பட்ட நாங்கள்
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில்
இரண்டரை மணிநேரம் கார் ஓட்டிப் போய்
ஒரு பிளாஸ்டிக் எரிமலைக்குப் பக்கத்து மேசையைப் பிடித்தோம்.

ரென்யா கேட்டான்.
மூன்று வயது கேட்டால்
அது ஆசை இல்லை, சம்மன்.

முன்பதிவு பதினொன்று நாற்பதுக்கு.
ஐம்பது நிமிடம், அதற்குமேல் நாற்காலி நமதில்லை.
டைனோசர் வால் கட்டிய பணிப்பெண்
குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டபடி இதைச் சொன்னாள்.
ஒவ்வொரு குனிவுக்கும் வால் எழுந்து
பின்மேசைத் தண்ணீர்க் குவளையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

பையைத் திறந்தேன்.
நூடுல்ஸ் வெட்டும் கத்தரி, கழுத்துத் துணி,
ஈரத் துடைப்பான், மாற்றுக் கால்சட்டை.
அறுவை அறைத் தாதிபோல் அடுக்கிவிட்டு நிமிர்ந்தால்

தூங்கிவிட்டான்.
மேசை விளிம்பில் கன்னம், வாய் திறந்து.
கையில் பூங்காவின் வரைபடம்,
எரிமலை இருக்கும் மூலை மட்டும் எச்சிலில் ஊறி.

"எழுப்பு" என்றார் ஷிகேகி.
"நீங்கள் எழுப்புங்கள்" என்றேன்.
அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சாப்பாடு வந்தது.
அவனுடைய தட்டுக்குக் கார் உருவம்.
தக்காளிச் சோற்றுக் குன்று, உச்சியில்
பல்குச்சியில் ஒட்டிய கொடி,
பக்கத்தில் ஒரே ஒரு பொரித்த இறால்.
பழக்கத்தில் நான் அதை ஊதி ஆற்றினேன்,
தின்ன ஆளில்லாத சோற்றை.
மினோரி இறாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
ஆறு வயது. நியாயம் தெரியும்.
இறாலும் தெரியும்.

பிறகு என் முன்னால் உதோன்.
கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது.
கொஞ்ச நேரம் அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.
ஆறு வருடமாக நான் தின்றதெல்லாம்
இன்னொரு வாய்க்கு ஆற்றியதில் மிஞ்சியது:
பாதி கடித்த மீன், மஞ்சள் போன முட்டை,
பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடி.
சூடு என்றால்
எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டிய பொருள்.

உறிஞ்சினேன்.
நாக்கு சுட்டது.
சுட்ட நாக்கோடு சிரிப்பு வந்தது.
ஷிகேகி ஏனென்று கேட்கவில்லை.
ஆவியில் மங்கிய கண்ணாடியைத் துடைக்கக்கூட நேரமில்லாமல்
சத்தமாக, பசித்த பையனைப்போல்
சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
அவரை எதிரில் உட்காரவைத்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

அப்போது விளக்குகள் சிவந்தன.
தரை அதிர்ந்தது. ஒலிபெருக்கி உறுமியது.
மலை உச்சி இரண்டாகப் பிளந்து
ஆரஞ்சு வெளிச்சமும் வாசனைப் புகையும் கொட்ட,
எல்லா மேசைக் குழந்தைகளும் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள்.
ரென்யா
தலையை மறுபக்கம் திருப்பிப் படுத்தான்.
வீட்டில் நிஜ மலைக்கும் அவன் செய்வது அதுதான்.

பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை.
நான்கு வெடிப்பு. நான்கிலும் தூக்கம்.
மூன்றாவதின் இருட்டில் இறால் காணாமல் போனது,
சாட்சிகள் இருவரும் உதோனில் இருந்தோம்.

நேரம் முடிந்தது என்று சொல்ல வந்த பணிப்பெண்
அவனைப் பார்த்து,
வாலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு
ரசீதைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்தாள்.
அந்தத் தொகையைச் சொல்லமாட்டேன்.
ஆனால் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

கார் நிறுத்துமிடத்தில், தோளில், கண் விழித்தான்.
மலை எங்கே என்று ஆரம்பிப்பான்,
வீடு வரைக்கும் அழுவான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
மினோரி சட்டைப்பையிலிருந்து கொடியை எடுத்துக் கொடுத்தாள்.
குச்சி உடைந்த, சாஸ் கறை பட்ட கொடி.
திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான்.

"இறால் எங்கே?"

ஷிகேகி அவசரமாகக் காரைக் கிளப்பினார்.
மினோரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
என் நாக்கு நுனி இன்னும்
எரிந்துகொண்டிருந்தது.