சாவிப் பலகை

பாபு ராவ் தெரு லாட்ஜில்
பதினேழு வருஷமாய்ச் சாவி கொடுக்கிறேன்.
காட்பாடியில் ஹவுரா ரயில் நின்ற ஒரு மணி நேரத்தில்
கடுகெண்ணெய் வாசனையோடு
மாடியேறிவிடும் வங்காளம்.

போன ஆனியில் ஹேமப்பிரியா வந்தாள்,
ஒரு மடிக்கணினி, இரண்டு பாட்டில் தண்ணீர்.
மனிதர் ஞாபகம் வைத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொண்டு
மொழிபெயர்க்கும் மெஷின் செய்கிறார்களாம்.
"உங்க மனசுல எப்படி சார் இருக்கு?
லிஸ்ட் மாதிரியா?"

லிஸ்ட் எல்லாம் இல்லை.
'கா குலோச்சே' என்றால் எனக்குக் குமட்டல் அல்ல,
நூற்றி ஆறில் வாஷ்பேசினைப் பிடித்தபடி நின்ற
பர்த்வான் தபால்காரர்.
'ஜோர்' என்றால்
வராந்தாக் கொடியில் சொட்டிய ஈரத்துண்டு,
அன்று இரவு முழுக்கத் திறந்தே கிடந்த
முந்நூற்றி இரண்டின் கதவு.
என் வங்காளம் முழுக்க
இந்தச் சாவிப் பலகையில் தொங்குகிறது.
ஆள் காலி செய்தாலும் சொல் காலி செய்வதில்லை.

குறித்துக்கொண்டாள். வேகமாக.

முதல் நாள் இருநூற்றி நான்கு ஷெஃபாலி மண்டல்
'ஜோல் காபோ' என்றதற்கு
"தண்ணீரைத் தின்பேன்" என்றது மெஷின்.
சிரித்தோம்.
நாம் மட்டும் என்ன,
காசு கொடுத்ததுபோல் அடி வாங்குகிறோம்.
தண்ணீரே இல்லாத பாலாற்றை
ஆறு என்கிறோம்.

ஐப்பசிக்குள் தேறிவிட்டது.
என்னைவிடச் சுத்தமாய்ப் பேசியது,
ஆட்டோக்காரரிடம் பேரம்கூட.

ஷெஃபாலியின் கணவரை
ஆம்புலன்சில் ஏற்றிய விடிகாலை,
பாக்கி நானூற்று இருபதை எண்ணி வைத்துவிட்டு
"ஆஷி" என்றாள்.
பில் புத்தகத்தின் மேலிருந்து
மெஷின் சொன்னது:
"போயிட்டு வரேன்."

ஒரு எழுத்துத் தப்பில்லை.
அவர்கள் ஊரிலும் கிளம்புகிறவர் வருகிறேன் என்றுதான் சொல்வார்.
ஆனால் சாவு விழுந்த இடத்தில்
அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை நாம்.
இந்த ஊருக்கு, இந்த லாட்ஜுக்கு,
திரும்பி வா என்று யாரிடம்தான் சொல்ல முடியும்?

தட்சிணாமூர்த்தி என்று பேர் வைத்தார்கள் எனக்கு.
பேருக்கேற்றபடி நின்றேன்.

மத்தியானம் ஹேமப்பிரியா போன் செய்தாள்:
"அந்த ஒரு இடம் மட்டும் காலியா இருக்கு சார்,
நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

பலகையைப் பார்த்தேன்.
இருநூற்றி நான்கு ஆணியில்
சாவி இன்னும் லேசாய் ஆடிக்கொண்டிருந்தது,
ஃபேன் காற்றாக இருக்கலாம்.

காலியாகவே விடச் சொன்னேன்.